மஞ்சள் காருக்கு எத்தனை குதிரை போதும்

அம்பத்தூர்,
புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை

அன்பும் மரியாதையும் கலந்த மச்சான் பாண்டியன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை பொன்னம்மாளைக் கட்டிக்கொண்ட நாகேந்திரன் அம்பத்தூரிலிருந்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கை நலம். நான் பரவாயில்லை. நீங்கள் வாங்கி அனுப்பிய கார் எங்கள் இருவரையும் விட நலம். மஸ்கட்டில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது, மாத்திரையை வேளா வேளைக்குப் போட்டுக்கொள்கிறீர்களா, ராத்திரியில் பரோட்டாவை நிறுத்திவிட்டீர்களா என்பதையெல்லாம் தெரியப்படுத்தவும். தினமும் போனில் உங்கள் தங்கை கேட்பதுதான். கடிதம் என்று எழுத உட்கார்ந்தால் முதலில் கேட்க வேண்டும் என்பதால் நானும் கேட்டு வைக்கிறேன்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் சொல்லலாம் என்றால், உங்கள் பெயர் திரையில் வந்ததுமே ஸ்பீக்கரில் போடச் சொல்லி உங்கள் தங்கை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால் என் போனை என்னைவிட அவள்தான் அதிகம் பார்க்கிறாள். ஆகையால் ரேஷன் கடையில் வரிசை நீளம் என்று பொய் சொல்லிவிட்டு, பூங்காவில் வேர்க்கடலை விற்கிறவருக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பூந்தமல்லி உஸ்மான் கனியின் அண்ணன் மகன் ஆசிம் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புவேன். விஷயம் இதுதான் மச்சான். உங்கள் காருக்கு என்ன ட்யூனிங் போடுவது என்று என்னையே முடிவு செய்யச் சொன்னீர்கள். முடிவு செய்து, போட்டும் ஆயிற்று. நீங்கள் நினைத்தது அல்ல. திட்டுவதாக இருந்தால் கடைசி வரைக்கும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

வைகாசியில் உங்களுக்கு நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த டிஸ்சார்ஜ் பேப்பரை நீங்கள் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கவே கூடாது. அதில் ‘அதிகப் படபடப்பு கூடாது’ என்று ஒரு வரி இருந்ததை எதிர்வீட்டு சுரேகா டீச்சர் மொழிபெயர்த்துச் சொன்னார். அன்றிலிருந்து உங்கள் தங்கைக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் அது படபடப்பா இல்லையா என்பதுதான் கேள்வி. நீங்கள் தீபாவளிக்கு ஒரேயடியாக ஊர் வந்து எங்கள் மாடியில் இருக்கப் போகிறீர்கள் என்றதும், சுவருக்குக் கண்ணை உறுத்தாத வெளிர்நீலம் அடிக்கச் சொன்னாள், காலிங் பெல்லைக் கழற்றச் சொன்னாள். அது அலறும்போது நீங்கள் திடுக்கிடுவீர்களாம். பெல் இல்லாததால் இப்போது வருகிறவர்கள் எல்லாம் கேட்டைப் பிடித்து உலுக்குகிறார்கள். இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஆடி மாதம் பிறந்த நாலாம் நாள் ஒரு லாரியில் ஏறி உங்கள் மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் வந்து இறங்கியது.

இறங்கியது என்று எழுதிவிட்டேன், அது இறங்கின கதை தனி. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி, மூடி, மறுபடி தோண்டி எங்கள் தெரு இருக்கிற இருப்பு உங்களுக்குத் தெரியும். போதாததற்கு ஐம்பதடிக்கு ஒரு வேகத்தடை. உங்கள் காருக்கும் தரைக்கும் நடுவில் என் செருப்புதான் நுழையும், கால் நுழையாது. முதல் வேகத்தடையிலேயே வயிறு தட்டி நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பின்னால் தண்ணீர் லாரி, அதற்குப் பின்னால் ஸ்கூல் வேன், அதற்குப் பின்னால் யாருடைய சாவுக்கோ போன மேளக்காரர்கள். அவர்கள் சும்மா நிற்கப் பிடிக்காமல் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் நம் கட்டில் பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து சக்கரத்துக்கு முன்னால் போட்டு, எடுத்து, போட்டு, எடுத்து, எட்டு வேகத்தடையைத் தாண்டி வீட்டுக்குக் கொண்டுவர ஒன்றே கால் மணி நேரம். அந்தப் பலகை விரிசல் விட்டு நான் இரண்டு மாதமாகத் தரையில் படுக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நீங்கள் போன் செய்து, “மாப்ளே, முப்பத்தஞ்சு வருசமா மஸ்கட் ரோட்டுல இந்த வண்டிங்க என்னத் தாண்டிப் போறதப் பாத்துகினு கீறேன். இப்ப என்னாண்டயே ஒண்ணு கீது. இருக்கிற பவர் பத்தாது, ட்யூன் பண்ணிடு. ஸ்டேஜ் ஒன்னா ஸ்டேஜ் டூவான்னு நீயே பாத்து முடிவு பண்ணு, நீ பேக்டரில இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவன்” என்றீர்கள். மச்சான், நான் பாடியில் முப்பத்து நாலு வருஷம் பிரேக் டிரம் பரிசோதித்தவன். பிரேக். வண்டியை நிறுத்துகிற சாமான். எனக்குத் தெரிந்த ஒரே வேலை, கேஜை வைத்துப் பார்த்து, சரியில்லை என்றால் சிவப்பு மை அடித்துத் தூக்கிப் போடுவது. ஒரு பொருளுக்கு இன்னும் கொஞ்சம் சக்தி கொடு என்று என்னிடம் யாரும் கேட்டதே இல்லை. ஆனால் நீங்கள் கேட்டு நான் முடியாது என்று சொன்னதும் இல்லை. எப்படிச் சொல்வேன்? உங்கள் தங்கையைப் படிக்க வைத்தது நீங்கள், எனக்குக் கட்டிக் கொடுத்தது நீங்கள், நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குக் கடைக்கால் போட்டது நீங்கள். உங்களுக்கென்று ஒரு கல்யாணம் கூடச் செய்துகொள்ளவில்லை. அறுபத்து நாலு வயதில் முதல் முதலாக உங்களுக்காக ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், அது மஞ்சள் நிறத்தில் வாசலில் நிற்கிறது.

சரி என்று கிளம்பினேன். பேக்டரிப் பழக்கம், எதையும் மூன்று இடத்தில் விசாரிக்காமல் முடிவு செய்ய மாட்டேன். முதல் இடம் வானகரம் பக்கம் ஒரு கடை. உள்ளே ஏசி, தோல் சோபா, காபி, சுவர் முழுக்க டி.வி. கௌதம் என்று ஒரு இளைஞர், தாடியை அழகாகச் செதுக்கியிருந்தார், எனக்கு முக்கால் மணி நேரம் விளக்கினார். ஸ்டேஜ் ஒன் என்றால் வண்டியின் மூளையாக இருக்கும் கம்ப்யூட்டரில் எழுதியிருப்பதை மட்டும் மாற்றி எழுதுவது. ஸ்டேஜ் டூ என்றால் அதோடு புகைபோக்கிக் குழாயையும் காற்று இழுக்கும் வழியையும் மாற்றுவது. இது வரைக்கும் எனக்குப் புரிந்தது. அதற்கப்புறம், காலை எடுக்கும்போதெல்லாம் பின்னால் பட்டாசு மாதிரி படபடவென்று வெடிக்கிற ஒரு ஏற்பாடு இருக்கிறது, இப்போது எல்லோரும் அதைத்தான் போடுகிறார்கள் என்றார். எதற்குத் தம்பி வெடிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். டிஸ்சார்ஜ் பேப்பருக்கு டீச்சர் சொன்ன வார்த்தையே ‘படபடப்பு’தான் என்பது என் ஞாபகத்துக்கு வந்ததும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது ஆள் கடையே இல்லாதவர். போன் செய்தால் வீட்டுக்கே வருவார் என்று விளம்பரம். ஜோல்னாப் பையிலிருந்து சோப்புப் பெட்டி அளவில் ஒரு பெட்டியை எடுத்தார். மூளையில் கையே வைக்க வேண்டாம் சார், இந்தப் பெட்டியை நடுவில் சொருகிவிட்டால் போதும், மூளையை இது ஏமாற்றிவிடும், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்றார். கழற்றலாம் என்ற வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது, சம்மதித்தேன். சொருகினார். மூளை ஏமாறவில்லை. டாஷ்போர்டில் இருக்கிற அத்தனை விளக்கும் எரிந்தது, வண்டி செத்துவிட்டது. நெட்டில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் மூன்று நாள் போனை எடுக்கவில்லை. நான் ‘ஸ்டேஜ் டூ வரைக்கும் போக வேண்டாம்னு பாத்தேன், இப்படி ஆயிடுச்சு’ என்று வாசலில் நின்று உங்களிடம் போனில் புலம்பியதைக் காதில் வாங்கிய சுரேகா டீச்சர், எனக்குத்தான் உடம்புக்கு ஏதோ என்று சாத்துக்குடி வாங்கிக்கொண்டு கண் கலங்க வந்துவிட்டார். நான் விளக்கிச் சொல்லவில்லை. எனக்குத் தெம்பு இல்லை. சாத்துக்குடி நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது இடம்தான் உஸ்மான் கனி. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், என்னோடு பேக்டரியில் லேத்தில் இருந்தவர், சீக்கிரமே வேலையை விட்டுவிட்டுப் பூந்தமல்லியில் ஒர்க்‌ஷாப் போட்டார். இப்போது அவர் மகள் ரூஹிதான் எல்லாம். இன்ஜினியரிங் படித்துவிட்டு கோயம்புத்தூரில் ரேஸ் வண்டிக் கம்பெனி ஒன்றில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். செத்த வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். பாய் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இன்னா அண்ணாத்தே, வயசான காலத்துல இன்னாத்துக்கு இந்த வம்பு” என்றார். அவரிடமாவது ஒரு மனுஷ வார்த்தை கிடைத்ததே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. ரூஹி அந்தப் பெட்டியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள், லேப்டாப்பைச் சொருகி இருபது நிமிஷத்தில் வண்டியை எழுப்பிவிட்டாள். பிறகு அதை உருளைகள் மேல் ஏற்றிக் கட்டி ஓட்டினாள். மச்சான், அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வண்டி நூற்றெண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, நின்ற இடத்தை விட்டு ஒரு அங்குலம் நகரவில்லை. இப்படியே ஓட்டிக்கொள்ள முடியாதா என்று கேட்டேன். எனக்கு அந்த ஓட்டம் மிகவும் பிடித்திருந்தது.

ரூஹி நியாயமாகப் பேசினாள். “அங்கிள், ஸ்டேஜ் ஒன் போட்டா நம்ம ஊர் பெட்ரோலுக்கு இன்ஜின் தாங்கும், அளவாவும் இருக்கும். ஸ்டேஜ் டூன்னா குழாய் மாத்தணும், சத்தம் ஏறும், ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேள்வி வரும். ஓட்டப் போறவருக்கு எது வேணும்னு கேட்டுச் சொல்லுங்க.” ஓட்டப் போகிறவர் தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்து டூ, டூ என்கிறார். அந்தப் போனை ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருக்கிற உங்கள் தங்கை, போனை வைத்ததும் எதுவுமே வேணாம் என்கிறாள். நீங்கள் சொல்வது வலது காதில், அவள் சொல்வது இடது காதில். சோறு இறங்கவில்லை மச்சான். ரூஹிக்கு நான் பதினோரு நாள் பதில் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் உங்கள் தங்கையே ஒரு வழி சொன்னாள். நம் வீட்டில் கல்யாணமானாலும் மனை வாங்கினாலும் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்க்காமல் செய்ததில்லை, இதற்கும் பார்த்துவிடலாம் என்றாள். சிவப்பு அரளி ஸ்டேஜ் ஒன், வெள்ளை நந்தியாவட்டை ஸ்டேஜ் டூ. புரட்டாசி பிறந்து முதல் வெள்ளி. பூசாரி உதயகுமார் இன்ஜின் விஷயம் என்றதும் கொஞ்சம் தயங்கினார், ஆனாலும் இரண்டு பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி ஆத்தா காலடியில் வைத்தார். கற்பூரம் காட்டினார். கூட்டத்திலிருந்த ஒரு பாப்பாவை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னார். பிரித்தார். உள்ளே சிவப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. வேப்பிலை. பூசாரி அதை உதறிப் பார்த்தார். இன்னொன்றையும் பிரித்தார். அதிலும் வேப்பிலை. எல்லோரும் பொட்டலத்தை எட்டிப் பார்த்தார்கள். உங்கள் தங்கை மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “ஆத்தா சூட்டக் கொறைக்கச் சொல்றா. ஏத்தச் சொல்லல” என்றாள்.

சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் இன்ஸ்பெக்டர் மச்சான், பழக்கம் விடுமா? பூசாரி கட்டினது செய்தித்தாளில். பிரித்த பொட்டலம் இரண்டும் தினசரிக் காலண்டர் தாள். ஒன்று முந்தின நாள், இன்னொன்று அதற்கு முந்தின நாள். முந்தின நாள் தாளின் ஓரத்தில் பால் பாக்கெட் மூன்று என்று உங்கள் தங்கையின் கையெழுத்து. கூட்ட நெரிசலில் சாமி கும்பிடுகிற சாக்கில் எப்போது மாற்றினாளோ, எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவள் சாமி விஷயத்தில் ஒரு சின்னத் தப்பு செய்து நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை முட்டை போட்ட கேக்கைக் கூடத் தொட மாட்டாள். அப்படிப்பட்டவள் அம்மன் காலடியிலேயே கையை வைத்து ஏமாற்றுகிறாள் என்றால் அவள் எவ்வளவு பயந்து போயிருக்க வேண்டும். நான் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு பூந்தமல்லி போனாள். ரூஹியிடம், “கொயந்தே, ஏத்துறதுக்கு ஃபைல் கீதுன்னா எறக்குறதுக்கும் இருக்கும்ல?” என்றாள். ரூஹி முழித்தாள். உஸ்மான் கனி, “பதினெட்டு வருசமா கட வச்சிகினு கீறேன் தங்கச்சி, பவர எறக்கச் சொல்லி வந்த மொத கஸ்டமர் நீதான்” என்றார். இறக்கலாம், ஆனால் வண்டிக்காரர் சம்மதம் வேண்டும், ஒருத்தர் வண்டியை அவருக்குத் தெரியாமல் மாற்றுவது தப்பு ஆன்ட்டி என்று ரூஹி சொன்னாள். அப்போது உங்கள் தங்கை பேசியதை அப்படியே எழுதுகிறேன். “எனக்கு அப்பா அம்மா முகம் நெனவில்ல. அண்ணந்தான். அது ஊர்ல இல்லாமயே முப்பத்தஞ்சு வருசம் போயிடிச்சு. இப்பத்தான் வருது. வந்து பத்து நாள்ல இந்த வண்டில போய் அதுக்கு ஒண்ணு ஆயிடிச்சின்னா, நான் யாராண்ட போய்ச் சம்மதம் கேக்குறது?” ரூஹி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். லேப்டாப்பைத் திறந்தாள்.

ஆக, மச்சான், உங்கள் காரின் இன்றைய நிலவரம் இது. முந்நூறு குதிரைச் சக்தி இருந்த இடத்தில் இப்போது தொண்ணூறு. எவ்வளவு மிதித்தாலும் அறுபதுக்கு மேல் போகாது. ஆனால் நீங்கள் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று சத்தத்தை மட்டும் குறைக்க வேண்டாம் என்றுவிட்டாள் உங்கள் தங்கை. சிங்கம் மாதிரி உறுமும், மாட்டுவண்டி மாதிரி போகும். நான் இதற்கு உடந்தை. உங்களிடம் ஸ்டேஜ் டூ போட்டாச்சு என்று போன வாரம் போனில் பொய் சொன்னதும் நான்தான். நீங்கள் அந்தப் பக்கத்தில் சின்னப் பையன் மாதிரி சிரித்தீர்களே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கேட்பது ஒன்றுதான். தீபாவளிக்கு வந்து முதல் தடவை வண்டியை எடுக்கும்போது தெரியாத மாதிரி இருந்துவிடுங்கள். அப்பப்பா இன்னா ஸ்பீடு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பயந்த மாதிரி கொஞ்சம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவளுக்காக ஏமாந்த மாதிரி நடித்துவிடுங்கள். மூன்று மாதமாக அவள் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். இப்போதுதான் பத்து நாளாகத் தூங்குகிறாள். முடிவு என்னுடையது, பழி என் மேல்.

மாடியில் தண்ணீர் நன்றாக வருகிறது. உங்கள் அறைக்கு வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தாயிற்று. உங்களுக்குத் தீர்க்காயுசும், எனக்குக் கொஞ்சம் ஓய்வும் கிடைக்க அந்த அம்மனையே வேண்டிக்கொள்கிறேன். எங்கள் மேல் அவளுக்குக் கோபம் இல்லாமல் இருக்க வேண்டும். அங்கே உங்களோடு தங்கியிருக்கும் நண்பர்கள் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் பணிவுள்ள மாப்பிள்ளை,
நாகேந்திரன்

பி.கு.: இன்று வியாழக்கிழமை. மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். திரும்ப எழுத நேரமில்லை, ஆசிம் வாசலில் நின்று கேட்டை உலுக்குகிறான்.

திங்கட்கிழமை துணி துவைக்கும்போது என் சட்டையில் இந்தக் கடிதமும் அந்தக் காலண்டர் தாளும் உங்கள் தங்கை கையில் கிடைத்துவிட்டன. வீடு ரெண்டாகப் போகிறது என்று நான் மாடிக்கு ஓடிவிட்டேன். கீழே சத்தமே இல்லை. அரை மணி கழித்து இறங்கி வந்தால், புடவை மாற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். “எங்கண்ணன் எனக்காவ நடிக்கணுமா? வண்டிய எடுங்க, நான் பாக்கணும்” என்றாள். புதுப் பலகை போட்டு எட்டு வேகத்தடையையும் தாண்டி, பூந்தமல்லி வழியாக நசரத்பேட்டை போய் வெளிவட்டச் சாலையில் ஏற்றினேன். முழுசா மிதிங்க என்றாள். மிதித்தேன். வண்டி உறுமிய உறுமலில் ரோட்டோரம் நின்ற மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நாங்கள் அறுபதில் போய்க்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து ஒரு செங்கல் லாரி ஹாரன் அடித்து எங்களைத் தாண்டியது. அப்புறம் ஒரு ஷேர் ஆட்டோ, உள்ளே ஒன்பது பேர். கடைசியில் பொங்கல் கரும்பு உயரத்துக்குக் காலி கேன் கட்டிய டி.வி.எஸ். ஒன்றில் ஒரு பெரியவர் வந்தார். தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, ஜன்னலில் எட்டிப் பார்த்து, “வண்டி ரிப்பேராம்மா? டோ பண்ண ஆள் சொல்லவா?” என்று அன்பாகக் கேட்டார்.

உங்கள் தங்கை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள் மச்சான். நெமிலிச்சேரி வரைக்கும் கேட்டிருக்கும். “முப்பத்தஞ்சு வருசம் வெயில்ல நின்னுகினு மத்தவன் வண்டி தாண்டிப் போறதப் பாத்திச்சு. இங்க வந்தும் அதயே பாக்கட்டும்னு செஞ்சிட்டேனே. இதப் பாத்தா அதுக்கு ஸ்டென்ட்டு தாங்குமா?” என்றாள். நேராக ஒர்க்‌ஷாப்புக்கு விடச் சொன்னாள். ரூஹி பழையதைத் திருப்பி எழுதி அதற்கு மேல் ஸ்டேஜ் ஒன்னையும் போட்டுக் கொடுத்துவிட்டாள். ஸ்டேஜ் டூ வேண்டுமா என்பதை நீங்களே வந்து, குழாய்ச் சத்தத்தை உங்கள் காதால் கேட்டு, உங்கள் டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டு, முடிவு செய்துகொள்ளலாம். இதில் எனக்கு இனிமேல் அபிப்பிராயம் கிடையாது. உங்கள் தங்கை நேற்றுக் கோயிலுக்குப் போய்த் தன் மூக்குத்தியை உண்டியலில் போட்டு ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டாள்.

ஒரே ஒரு நிபந்தனை சொல்லச் சொன்னாள். நீங்கள் எவ்வளவு வேகமாகப் போனாலும் சரி, எங்கே போனாலும் சரி, பக்கத்து சீட்டில் அவள்தான் உட்காருவாள். மாத்திரை டப்பா அவள் மடியில் இருக்கும். ஒண்ணு ஆனா ரெண்டு பேருக்கும் ஆவட்டும் என்கிறாள். அந்த வண்டியில் இருப்பதோ இரண்டே சீட்டு. எனக்கு இருப்பது இவள் ஒருத்திதான், ஆகையால் நானும் என் ஸ்கூட்டரில் பின்னாலேயே வருவேன். கொஞ்சம் மெதுவாகப் போங்கள் மச்சான்.